எல்லை தாண்டும் மோட்டார்ப் பயணம்



நம்முடைய நாடு நாற்புறமும் கடலாற் சூழப்பெற்ற ஒரு தீவு. ஆதலினாலே, பிறநாட்டுக்குச் செல்வது என்றதும் நம்மவர் உள்ளத்தில் முதலிலே தோன்றுவன கப்பலும் ஆகாய விமானமுமே. 1914ஆம் ஆண்டு தொடக்கம் 1964ஆம் ஆண்டு இறுதியில் வீசிய பெரும்புயல் வரையில் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் போக்குவரத்து இருந்தது. அக்காலத்திலும் நாம் புகைவண்டியால் இறங்கிக் கப்பலேறி, மறுகரையில் மீண்டும் புகைவண்டி ஏறியே இந்தியாவுக்குச் சென்றோம். வீட்டு வாசலிலே நிற்கும் மோட்டார்க் காரில் ஏறி அமர்ந்து, அதனைச் செலுத்திக்கொண்டே வேற்று நாடொன்றினுட் புகுவது என்பது இத்தீவிற் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் புதுமையான அனுபவமாகும்.

அத்தகைய பயணத்துக்கு ஆயத்தம் செய்வது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள். கடல் சூழ்ந்த நாட்டில் இருப்போருக்கு இதனால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். நம்முடைய குடும்பங்கள் இன்று பல தேசங்களிலே பரந்து வாழ்கின்றன. தமையன் இலண்டனிலும், தங்கை பாரிசிலும், சின்னம்மா சுவிற்சலாந்திலும் இருக்கின்ற குடும்பங்கள் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அநேகம். யூலை மாதக் கடைசியில் இங்கிலாந்துப் பாடசாலைகளுக்குக் கோடை விடுமுறை தொடங்கியதும், இலண்டனில் வாழும் நம்மவர் மனைவி மக்களுடன் காரில் ஏறி ஐரோப்பாக் கண்டத்துக்குப் புறப்படுகின்றனர். பாரிஸ் நகரின் லா சப்பல் பகுதியிலே நடைபெறும் பிள்ளையார் தேர்த் திருவிழாவுக்கோ, ஜெர்மனியின் ஹம் நகரிலுள்ள காமாட்சி அம்பாள் ஆலயத்துக்கோ, சூரிச் நகரில் நடக்கும் ஒரு கலியாணத்துக்கோ அவர்கள் செல்கின்றனர். பிள்ளைகளைப் பார்ப்பதற்காக இங்கிருந்து போன தாய் தந்தையரும் அதே காரில் ஏறிக்கொள்கின்றனர். ஆகவே, அப்பயணத்தின் நன்மை தீமைகளில் இங்கே இருக்கும் நமக்கும் பங்கு உண்டு.

இலண்டனிலிருந்து பிரான்சு நாட்டின் ஊடாகச் சுவிற்சலாந்து செல்லும் ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அக்குடும்பத்தார் செய்யவேண்டிய ஆயத்தங்களை மூன்றாக வகுக்கலாம். பத்திரங்களை ஆயத்தம் செய்வது ஒன்று. காரை ஆயத்தம் செய்வது மற்றொன்று. மூன்றாவது, காரில் இருக்கும் மனிதர் தம்மைத் தாமே ஆயத்தம் செய்துகொள்வது. முதலிரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்து முடித்துவிடலாம். பெரும்பாலோர் மறந்துபோவது மூன்றாவதையே. உயிருக்கு ஆபத்து வருவதும் அதனை மறப்பதனாலேயே.

முதலிலே பத்திரங்களைப் பார்ப்போம்.

இங்கிருந்து சென்ற பெற்றோரின் கடவுச்சீட்டில் பிரித்தானிய விசா இருக்கும். அந்த விசா பிரித்தானியாவுக்கு மட்டுமே செல்லுபடியாகும். பிரான்சு, ஜெர்மனி, சுவிற்சலாந்து முதலிய நாடுகள் செங்கன் என்னும் பொது ஒப்பந்தத்தில் அடங்கியவை. அவற்றுக்கு வேறாக ஒரு விசா வேண்டும். அவற்றுள் எந்த நாட்டில் மிகுந்த நாட்கள் தங்க எண்ணுகின்றோமோ அந்த நாட்டுக்கே விண்ணப்பம் அனுப்புதல் முறை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்னராவது விண்ணப்பித்துவிட வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத வைத்தியக் காப்புறுதியும் காட்டப்பட வேண்டும். இவற்றையெல்லாம் கொழும்பிலிருந்து புறப்படுமுன்னரே செய்து முடிப்பதுதான் நல்லது. இலண்டன் சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணினால், மற்றவர்கள் எல்லாரும் கலியாணத்துக்குப் போக, அம்மா மாத்திரம் வீட்டிலே தனித்திருக்க நேரிடும்.

இன்னுமொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தின் போக்ஸ்டன் நகரிலிருந்து பிரான்சின் கலே நகருக்குக் கடலடிச் சுரங்கத்தின் வழியாகக் கார்களை ஏற்றிச் செல்லும் ரயில் ஓடுகின்றது. 1994ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அச்சுரங்கம் 50 கிலோமீற்றர் நீளமானது. அதனைக் கடக்க 35 நிமிடம் செல்லும். இங்கே பிரெஞ்சு அதிகாரிகள் கடவுச்சீட்டைப் பரிசோதிப்பது பிரான்சு மண்ணில் அன்று. ரயில் ஏறுமுன் போக்ஸ்டனிலேயே பரிசோதித்துவிடுகின்றனர். ஆதலால், ஒருவருடைய பத்திரத்தில் குறை காணப்படின் இங்கிலாந்தை விட்டு வெளிக்கிடவே இயலாது. பிரித்தானியக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கும் விதிகள் உண்டு. கடவுச்சீட்டு வழங்கப்பட்டுப் பத்து ஆண்டுகள் கடந்திருத்தல் ஆகாது. திரும்பும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதம் அது செல்லுபடியாக வேண்டும். 180 நாட்களுள் 90 நாட்களுக்கு மேல் அங்கே தங்கவும் முடியாது. 2025ஆம் ஆண்டு ஒக்ரோபர் 12ஆந் தேதி தொடக்கம் கைவிரல் அடையாளத்தையும் முகப்படத்தையும் பதிவு செய்யும் புதிய முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. முதன்முறை செல்வோர் அப்பதிவுக்கும் நேரம் ஒதுக்கிக்கொண்டு புறப்படுவது நன்று.

காருக்குரிய பத்திரங்களையும் மறக்கலாகாது. வாகனப் பதிவுப் பத்திரத்தின் மூலப் பிரதி, காப்புறுதிச் சான்று, சாரதி அனுமதிப்பத்திரம் ஆகிய மூன்றும் காரில் இருக்க வேண்டும். நண்பருடைய காராயின் அவரிடமிருந்து ஓர் அனுமதிக் கடிதமும் வேண்டும். பிரித்தானியக் காப்புறுதி ஐரோப்பாவிலும் செல்லும் என்று பலர் சொல்வர். அது உண்மையே. ஆனால், பிறருக்கு நேரும் நட்டத்தை ஈடுசெய்யும் அளவுக்கே அது தானாகச் செல்லும். நம்முடைய காருக்கு நேரும் சேதத்துக்கும், வழியிலே கார் பழுதாகி நின்றால் அதனை இழுத்துச் செல்வதற்கும் காப்பு உண்டா என்று கம்பனியாரிடம் எழுத்து மூலம் கேட்டு அறிதல் வேண்டும். இலங்கை அனுமதிப்பத்திரத்தை வைத்துக்கொண்டு அங்கே கார் ஓட்ட விரும்புவோர், 1949ஆம் ஆண்டு ஜெனிவா உடன்படிக்கையின்படி வழங்கப்படும் சர்வதேச அனுமதிப்பத்திரத்தை இங்கிருந்தே பெற்றுச் செல்ல வேண்டும். அது ஓராண்டுக்கு மட்டுமே செல்லும்.

இனி, உணவுப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மவர் எந்தப் பயணத்துக்கும் கட்டுச்சோறு இல்லாமற் புறப்படுவதில்லை. பிரித்தானியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு இறைச்சியும் பாற்பொருள்களும் கொண்டுசெல்வது 2021ஆம் ஆண்டு தொடக்கம் தடைசெய்யப்பட்டிருக்கின்றது. விடியற்புறம் எழுந்து அம்மா பொரித்த மட்டின் ரோல்கள் சுங்கப் பகுதியாரின் குப்பைத் தொட்டியிலே போய்விழக் கூடும். குழந்தைகளுக்குரிய பால்மாவுக்கு விதிவிலக்கு உண்டு. இடியப்பமும் தேங்காய்ச் சம்பலும், புளிச்சாதமும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் கொண்டுசெல்வோருக்குக் கவலை இல்லை.

அடுத்தது காரின் ஆயத்தம்.

கார் நாள்தோறும் ஓடுகின்றதே, அதற்கு என்ன ஆயத்தம் என்று நினைத்தல் ஆகாது. நகரத்துள்ளே பத்து மைல் ஓடும் கார் வேறு. ஐவரையும் அவர்தம் பெட்டிகளையும் சுமந்துகொண்டு வெயிலிலே நாள் முழுவதும் விரைந்து ஓடும் கார் வேறு. ரயர்களை முதலிற் பார்க்க வேண்டும். அவற்றின் பள்ளம் 1.6 மில்லிமீற்றருக்குக் குறைதல் சட்டவிரோதம். பாரம் நிறைந்த காருக்குக் காற்றழுத்தம் கூடுதலாக வேண்டும். அந்த அளவு காரின் கைந்நூலிலோ கதவின் ஓரத்திலோ குறிக்கப்பட்டிருக்கும். பிறேக், எண்ணெய், தண்ணீர், பற்றறி, விளக்குகள் ஆகியவற்றைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்னரே பரிசோதிப்பித்தல் நல்லது. முதல் நாள் பரிசோதித்துக் குறை கண்டால் திருத்துவதற்கு அவகாசம் இராது. பாரமான பெட்டிகளைக் கீழே வைக்க வேண்டும். பின்கண்ணாடி அருகே ஒரு போத்தலைத்தானும் வைத்தல் கூடாது. சடுதியாகப் பிறேக் போடும்போது அது முன்னே பாய்ந்து வந்து தலையிலே தாக்கும்.

இங்கிலாந்தில் ஓடும் காரின் முன்விளக்கு, வீதியின் இடப்புற ஓரத்தை நோக்கி ஒளியைச் சாய்த்து வீசும்படி அமைக்கப்பட்டிருக்கின்றது. பிரான்சிலே வலப்புறமாக ஓடும்போது அந்த ஒளி எதிரே வருபவனுடைய கண்ணைக் கூசச் செய்யும். ஆகையால், அதற்கென விற்கப்படும் ஒட்டுத்தாளை விளக்கின்மேல் ஒட்டவேண்டும். சில புதிய கார்களில் உள்ளேயிருந்தே மாற்றி அமைக்கலாம். எச்சரிக்கை முக்கோணம் ஒன்றும், ஒளியைத் திருப்பிக் காட்டும் மேற்சட்டையும் பிரான்சிலே கட்டாயம். அந்தச் சட்டையைப் பெட்டிகளின் அடியிலே வைத்தலாகாது. கார் பழுதாகி நின்றால், இறங்குமுன்னரே அதனை அணிய வேண்டும். ஆதலால், ஆளுக்கு ஒன்றாக ஆசனத்தின் அருகே வைத்திருத்தல் நன்று. காரின் பின்புறத்தில் யூ.கே. என்னும் எழுத்துகள் இருக்கவேண்டும். ஜீ.பீ. என்று எழுதிய பழைய ஒட்டுத்தாள் 2021ஆம் ஆண்டு செத்தெம்பர் 28ஆந் தேதியுடன் செல்லாதொழிந்தது.

எரிபொருள் நிரப்பும்போது பெயர்கள் மயக்கம் தரும். பிரான்சிலே டீசலுக்குக் கசோல் என்று பெயர். அதனைக் கசோலின் என்று மயங்கிப் பெற்றோல் காரில் நிரப்புவோரும் உளர். இதற்கென ஐரோப்பா முழுவதும் ஓர் அடையாளம் வகுத்திருக்கின்றனர். வட்டத்துள் எழுதியிருப்பது பெற்றோல். சதுரத்துள் எழுதியிருப்பது டீசல். மொழி தெரியாதவரும் இதனைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம்.

சுவிற்சலாந்தின் பெருந்தெருக்களில் ஓடுவதற்கு ஆண்டுக் கட்டணம் 40 பிராங் செலுத்த வேண்டும். கண்ணாடியில் ஒட்டும் சீட்டாகவும், 2023ஆம் ஆண்டு தொடக்கம் மின்பதிவாகவும் அது கிடைக்கின்றது. செலுத்தாமல் அகப்பட்டால் அபராதம் 200 பிராங். அதற்குமேல் ஆண்டுக் கட்டணத்தையும் கட்டவேண்டும். பிரான்சில் வழிநெடுகச் சுங்கச் சாவடிகள் உண்டு. பணம் கட்டும் பொறி காரின் இடப்புறத்திலே இருக்கும். நம் காரிலோ சாரதி வலப்புறத்தில் இருப்பார். ஆதலால், முன்னாசனத்தில் இருப்பவரே கையை நீட்டிக் கட்டவேண்டும்.

இத்துடன் பத்திரமும் காரும் ஆயத்தமாகிவிட்டன. மூன்றாவது ஆயத்தம் மனிதருடையது.

இங்கிலாந்திலும் இலங்கையிலும் வாகனங்கள் இடப்புறமாக ஓடுகின்றன. சுரங்கத்தைக் கடந்ததும் வலப்புறமாக ஓடவேண்டும். காரை முப்பத்தைந்து நிமிடத்திலே மறுகரை சேர்த்துவிடலாம். ஆனால், இருபது முப்பது ஆண்டுகளாகக் கையிலும் கண்ணிலும் ஊறிப்போன பழக்கம் அவ்வளவு விரைவாக மாறிவிடாது. கலே நகரில் இறங்கிய முதல் மணி நேரத்தில் ஆபத்துக் குறைவு. எங்கும் அறிவிப்புப் பலகைகள் இருக்கும். முன்னும் பின்னும் கார்கள் வரிசையாகச் செல்லும். சாரதியின் மனமும் விழிப்பாக இருக்கும். ஆபத்து வருவது இரண்டாம் நாட் காலையிலே. விடுதியிலிருந்து வெளியே வருகின்றோம். வீதியில் ஒரு வாகனமும் இல்லை. பிள்ளைகள் பின்னே சண்டை பிடிக்கின்றனர். மனம் வேறெங்கோ இருக்கின்றது. அப்பொழுது கை தானாகவே காரை இடப்புறத்துக்குத் திருப்பிவிடும். பெற்றோல் நிலையத்திலிருந்து புறப்படும்போதும், ஒருவழித் தெருவிலிருந்து வெளிவரும்போதும் இவ்வாறே நிகழக்கூடும்.

இதனை நன்கு விளக்கும் வரலாறு ஒன்று உண்டு. சுவீடன் நாட்டிலே வாகனங்கள் முன்னர் இடப்புறமாகவே ஓடின. 1967ஆம் ஆண்டு செத்தெம்பர் 3ஆந் தேதி, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 5 மணிக்கு, நாடு முழுவதும் ஒரே நேரத்தில் வலப்புறத்துக்கு மாறிற்று. விபத்துகள் பெருகும் என்று பலரும் அஞ்சினர். நடந்ததோ வேறு. மாற்றத்தை அடுத்த காலத்திலே விபத்துகள் முன்னையினும் குறைந்தன. ஒவ்வொருவரும் அச்சத்தோடும் கவனத்தோடும் ஓட்டியமையே அதற்குக் காரணம். புதிய முறை பழகிப்போனதும், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில், விபத்துகளின் தொகை பழைய நிலையை அடைந்துவிட்டது. புதிய வீதியைக் காட்டிலும் அயர்ந்த மனமே ஆபத்தானது என்பதை இதனால் அறிகின்றோம்.

ஆகவே, ஒவ்வொரு முறை புறப்படும்போதும் காரில் உள்ளவர்களுள் ஒருவர் 'வலப்புறம்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சிறு பிள்ளைகளிடம் இவ்வேலையை ஒப்படைத்தால் அவர்கள் உற்சாகத்தோடு செய்வர். வட்டச் சந்தியிலே வாகனங்கள் இடப்புறமிருந்து வருவதால் அங்கே இடப்புறம் நோக்க வேண்டும். பிரெஞ்சு நகரங்களில், பலகை எதுவும் இல்லாத சந்தியிலே, வலப்புறத்திலிருந்து வருபவருக்கு வழிவிடுதல் சட்டம். முன்னே செல்லும் லொறியை முந்த வேண்டுமாயின், வலப்புறத்தில் அமர்ந்திருக்கும் நம் சாரதிக்கு எதிரே வரும் வாகனம் தெரியாது. இடப்புறத்தில் இருப்பவரே அவருக்குக் கண்ணாக இருக்கவேண்டும். ஆதலால், முன்னாசனத்தில் உறங்குபவரை இருத்துதல் கூடாது. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை முன்னே இருத்துவதைப் பிரெஞ்சுச் சட்டம் தடுக்கின்றது. வேக அளவுகள் கிலோமீற்றரில் இருப்பதும் நினைவில் இருத்தல் வேண்டும். பெருந்தெருவிலே 130, மழை பெய்தால் 110, நகரத்துள் 50 என்பன பிரான்சின் பொதுவான அளவுகள்.

காரிலிருந்து இறங்கி நடப்பவர்களுக்கும் இது பொருந்தும். வீதியைக் கடக்கு முன் முதலிலே வலப்புறம் பார்ப்பது நம்முடைய பெரியோர்களின் வாழ்நாட் பழக்கம். அங்கே வாகனம் முதலில் வருவது இடப்புறத்திலிருந்து. வயது முதிர்ந்த தாய் தந்தையரைத் தனியே வீதி கடக்க விடலாகாது. பிள்ளைகளின் கையைப் பிடிப்பதுபோலவே அவர்களுடைய கையையும் பிடித்துச் செல்லவேண்டும்.

இறுதியாக, உறக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலே நகரிலிருந்து சுவிற்சலாந்தின் வாயிலாகிய பாசல் நகர் ஏறத்தாழ 700 கிலோமீற்றர். நம் தீவின் முழு நீளம் ஏறக்குறைய 430 கிலோமீற்றரே. பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரைக்கும் ஓடி, மீண்டும் பாதிவழி திரும்பி வருவதற்கு ஒப்பான தூரம் அது. அதனை வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து வந்து, இரவோடிரவாக ஓடி முடிக்கப் பலர் துணிகின்றனர். விடுதிச் செலவு மிச்சம், வீதியும் வெறுமை, பிள்ளைகளும் உறங்கிவிடுவர் என்பன அவர்கள் கூறும் காரணங்கள். பிள்ளைகள் உறங்குவர், மனைவியும் உறங்குவார், கடைசியிற் சாரதியும் உறங்கிவிடக்கூடும். மணிக்கு 130 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கார், ஒரு விநாடியில் 36 மீற்றர் செல்கின்றது. மூன்று விநாடி கண் அயர்ந்தால், அந்தக் கார் கண்ணில்லாமல் நூறு மீற்றருக்கு மேல் ஓடிவிடும். வானொலியை உரத்து வைப்பதாலும் சன்னலைத் திறப்பதாலும் உறக்கம் போய்விடாது. உறக்கத்துக்கு மருந்து உறக்கமே.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, குறைந்தது 15 நிமிடமாவது நிறுத்தி இளைப்பாற வேண்டும் என்று பிரித்தானிய வீதி விதிநூல் அறிவுரை கூறுகின்றது. பிரெஞ்சுப் பெருந்தெருக்களின் ஓரத்தில் மரநிழலும் மேசையும் தண்ணீரும் உள்ள இளைப்பாறும் இடங்கள் அடிக்கடி உண்டு. வழியிலே பிரெஞ்சு அரசர்கள் முடிசூடிய பேராலயம் உள்ள ரெய்ம்ஸ் நகர் இருக்கின்றது. முதல் நாள் அங்கே தங்கி, பேராலயத்தையும் பார்த்து, மறுநாள் காலை புறப்பட்டால், பயணமும் விடுமுறையின் ஒரு பகுதியாகிவிடும். ஓகஸ்ட் மாத முதற் சனிக்கிழமையை அண்டிப் பிரெஞ்சு வீதிகளில் நெரிசல் உச்சத்தை அடையும். அத்தகைய நாட்களைக் கறுப்பு நாள் என்று அந்நாட்டு அரசாங்கமே முன்கூட்டி அறிவிக்கின்றது. அந்நாட்களைத் தவிர்த்தல் அறிவுடைமை. எங்கேனும் இடர் நேர்ந்தால் 112 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைக்கலாம். பெருந்தெருவிலே கார் நின்றுவிட்டால், யாவரும் இறங்கி ஓரத் தடுப்புக்கு அப்பால் நிற்கவேண்டும். காருக்குள் இருந்துகொண்டு உதவியை எதிர்பார்த்தல் கூடாது.

நேயர்களே, இங்கே இருக்கும் நாம் இப்பயணத்துக்குச் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. பிள்ளைகள் புறப்படும் செய்தி கிடைத்ததும், 'எத்தனை மணிக்குப் போய்ச் சேருவீர்கள்? அங்கே எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கின்றார்கள்' என்று தொலைபேசியிலே கேட்பது நம்முடைய வழக்கம். அன்பினால் எழும் கேள்விதான். ஆயினும், வண்டியோட்டும் மகனுடைய காலை அக்கேள்வி வேகமிதியிலே மேலும் அழுத்தி வைத்துவிடுகின்றது. 'இன்றிரவு எங்கே தங்குகின்றீர்கள், ராசா? ஆறுதலாக நாளைக்குப் போங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். பதறாத காரியம் சிதறாது என்பது முன்னோர் மொழி. ஒரு நாட் பிந்திச் சேர்ந்தாலும், எல்லாரும் சுகமாகச் சேர்ந்தால் அதுவே போதும்.